பாங்காக்ல தங்கி ஒரு நாள் ட்ரிப் போக: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வி முக்காவாசி பாங்காக் பத்திதான். சிட்டிக்குள்ள எங்க போறதுன்னு யாரும் கேக்கல, அது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, சிட்டியில ரூம் போட்டுக்கிட்டு காலையில வெளிய போயி ராத்திரி திரும்பி வர்ற மாதிரி எங்கெல்லாம் போகலாம்னுதான் கேட்டிருக்கீங்க. ஒண்ணொண்ணா பாப்போம்.

அண்ணாச்சி, டிசம்பர்ல குடும்பத்தோட பாங்காக் போறோம். பிள்ளைங்க ரெண்டு பேரு, கூட மாமியாரும் வர்றாங்க, அவங்களுக்கு முட்டு வலி. ஏஜென்ட் ஒரே நாள்ல அயுத்தயா, ரயில் மார்க்கெட், மிதக்கும் மார்க்கெட் மூணையும் காட்டித் தாரேன்னு சொல்றாரு. வேன் காசு மிச்சம்னு வீட்டுக்காரரும் சரிங்காரு. இது நடக்குமா?
*ஒரு வாசகி, தக்கலை*

நடக்கும், ஆனா நீங்க பாக்கப்போறது வேன் சீட்டைத்தான். அயுத்தயா பாங்காக்குக்கு வடக்க சுமார் 80 கிலோமீட்டர், ரயில் மார்க்கெட் இருக்கிற மேக்லோங் தென்மேற்குல அதே அளவு தூரம், நடுவுல பாங்காக் டிராபிக். நாகர்கோவில்ல இருந்து ஒரே நாள்ல திற்பரப்புல குளிச்சிட்டு திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்னு யாராவது சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்களோ அதையே ஏஜென்ட்கிட்டயும் சொல்லுங்க. பாங்காக்ல இருந்து வெளிய போறதுக்கு நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான், ஒரு நாளைக்கு ஒரு திசை. வடக்க போனா வடக்க மட்டும், மேற்க போனா மேற்க மட்டும். இதை மட்டும் பிடிச்சுக்கிட்டா மிச்ச பிளான் தன்னால சரியாகும்.

உங்களுக்கு ரெண்டு நாளா பிரிச்சுக்கோங்க. அயுத்தயாவுக்கு ரயில்லயே போலாம், ஒன்றரை மணி நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம். ஹுவா லம்போங் பழைய ஸ்டேஷன்ல இருந்து ஆர்டினரி வண்டி இருக்கு, மூணாம் கிளாஸ் டிக்கெட் 20 பாட் பக்கம்தான், ஒரு பாட் நம்ம ரூபாயில ரெண்டரைக்கு மேலன்னு வச்சுக்கோங்க. எக்ஸ்பிரஸ் வண்டியெல்லாம் 2023 ஜனவரியில பாங் சூ பக்கம் இருக்கிற புது பெரிய ஸ்டேஷனுக்கு மாத்திட்டாங்க, அதனால டிக்கெட் எடுக்கும்போதே எந்த ஸ்டேஷன்ல ஏறணும்னு பாத்துக்கோங்க, ஊரோட ரெண்டு பக்கமும் அலைஞ்சா காலை நேரம் போச்சு. மாமியாருக்கு பிளாஸ்டிக் சீட்டும் ஜன்னல் காத்தும் ஒத்து வராதுன்னா அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கார் பேசிக்கோங்க, அந்த காசு வீண் இல்ல.

அயுத்தயா சாதாரண ஊரு கிடையாது. 1350 வாக்குல ஆரம்பிச்சு நானூறு வருஷத்துக்கு மேல சயாமுக்கு, அதாவது அந்தக் காலத்து தாய்லாந்துக்கு தலைநகரம், மூணு ஆறு சேர்ற இடத்துல தீவு மாதிரி, உலகத்துல இருக்கிற வியாபாரி பூராவும் கப்பல்ல வந்து இறங்கின ஊரு, 1767-ல பர்மா படை வந்து எரிச்சு தரைமட்டமாக்கிட்டு போச்சு, அந்த இடிபாட்டைத்தான் நாம இன்னைக்கு பாக்கோம். நீங்க தக்கலைக்காரங்க, உதயகிரி கோட்டையில டச்சு தளபதி டிலனாய் கல்லறையை பிள்ளைங்க கண்டிப்பா பாத்திருப்பாங்க, 1741-ல குளச்சல்ல மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்துப்போச்சே அந்த டச்சு கம்பெனி, அதே கம்பெனிக்கு அயுத்தயாவுலயும் வியாபாரக் கொட்டகை இருந்துச்சு, ஆத்தோரம் அந்த இடத்துல இப்ப ஒரு சின்ன மியூசியம் வச்சிருக்காங்க. நம்ம ஊர் சரித்திரமும் அந்த ஊர் சரித்திரமும் ஒரே கப்பல் பாதையில வருதுன்னு பிள்ளைங்களுக்கு காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது, விட்டுடாதீங்க.

உள்ள எல்லாக் கோயிலையும் பாக்கணும்னு ஓடாதீங்க. மரத்து வேருக்குள்ள புத்தர் தலை இருக்கிற வாட் மஹாதாத், மூணு பெரிய ஸ்தூபி நிக்கிற வாட் பிரா சி சன்பெட், சாயங்காலம் ஆத்தோரம் வாட் சாய்வத்தனாராம், இந்த மூணு போதும். மூணுலயும் மாமியார் படி ஏற வேண்டாம், கீழ நின்னே பாத்துக்கலாம். ஆனா நிழல் கம்மி, 11 மணியில இருந்து 3 மணி வரைக்கும் வெயில் தலையில அடிக்கும், அந்த நேரத்தை சாப்பாட்டுக்கும் மியூசியத்துக்கும் வச்சுக்கோங்க. இடத்துக்கு இடம் போக டுக்-டுக்கை மணிக்கணக்குல பேசலாம், ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடணும். அந்த புத்தர் தலைகிட்ட போட்டோ எடுக்கிறப்ப உக்காந்துதான் எடுக்கணும், நம்ம தலை அவர் தலைக்கு மேல போகக்கூடாது, காவலுக்கு ஆள் நிப்பாங்க, பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. தோளும் முட்டும் மூடுற மாதிரி டிரெஸ்.

மார்க்கெட் நாள் தனி. அதை வெள்ளி சனி ஞாயிறுல ஒரு நாளா வச்சுக்கோங்க, ஏன்னா அம்பாவா மிதக்கும் மார்க்கெட் அந்த மூணு நாள்தான், அதுவும் மத்தியானத்துக்கு மேலதான் களை கட்டும். டாம்னோன் சதுவாக் தினமும் காலையில உண்டு, ஆனா அது இப்ப முழுக்க டூரிஸ்டுக்குன்னே ஆயிடுச்சு, மோட்டார் படகுக்கு ஆளுக்கொரு ரேட் சொல்லுவாங்க, எனக்கு மனசு ஒட்டல. அம்பாவாவுல தாய்லாந்து குடும்பங்களே லீவு நாள்ல வந்து கால்வாய் படிக்கட்டுல உக்காந்து, படகுல சுட்டுக்கொடுக்கிற இறால் கணவா வாங்கித் தின்னுக்கிட்டு இருப்பாங்க, அந்தக் கூட்டத்துல நாமளும் ஒரு குடும்பமா உக்காரலாம். மேக்லோங் ரயில் மார்க்கெட் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். தண்டவாளத்து மேலேயே காய்கறி மீன் கடை, ரயில் வரும்போது கூடாரத்தை மடக்கி தட்டை உள்ள இழுத்துக்கிட்டு, போனதும் திரும்ப விரிச்சுடுவாங்க. ரயில் ஒரு நாளைக்கு சில தடவைதான் வரும், டைம் பாத்து போகணும், இல்லேன்னா வெறும் மீன் மார்க்கெட்தான், அது நமக்கு வடசேரியிலயே இருக்கு. இருட்டினதும் அம்பாவாவுல படகு எடுத்தா ஆத்தங்கரை மரத்துல மின்மினி பூச்சி பாக்கலாம், பிள்ளைங்க இதை மறக்க மாட்டாங்க, ஆனா அதுக்குள்ள பாங்காக் போற கடைசி வேன் போயிடும், அதனால அன்னைக்கும் போக வர வண்டி பேசிக்கிறது நல்லது.

கடல் தொழில் பாக்கிற ஆளு நான். டூரிஸ்ட் கூட்டம் இல்லாத, அந்த ஊர்க்காரங்க வாழ்ற இடத்தை பாக்கணும். செலவும் கம்மியா இருக்கணும். ஏதாவது உண்டா?
*ஒரு வாசகர், குளச்சல்*

உங்களுக்குன்னே ஒரு லைன் இருக்கு. பாங்காக்ல வோங்வியன் யாய்னு ஒரு சின்ன ஸ்டேஷன், பெரிய ரயில்வே லைனோட சேராத தனி லைன், அங்கிருந்து மஹாசாய்க்கு ஒரு மணி நேரம், டிக்கெட் 10 பாட். வீட்டுக் கொல்லைப்பக்கத்தை ஒட்டிக்கிட்டே வண்டி போகும், துணி காயப்போட்டிருக்கிறது கைக்கு எட்டும். மஹாசாய் பக்கா மீன்பிடி துறைமுகம். ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தாலே மார்க்கெட், நண்டு, இறால், கணவா, கருவாடு, நீங்க பேரு தெரியாம ஒரு மீனையும் தாண்டிப் போக மாட்டீங்க. அங்க மீன் வெட்டுற, இறால் உரிக்கிற வேலையில இருக்கிறவங்க நிறைய பேரு பர்மாக்காரங்க, ஊரை விட்டு வந்து அடுத்த நாட்டு துறைமுகத்துல உழைக்கிறவங்க. வளைகுடா கடல்ல அரபி முதலாளி போட்ல போன ஆளுங்க குளச்சல்ல தெருவுக்குத் தெரு இருக்காங்க, அதனால அந்தப் பாடு என்னன்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டாம். போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், அவங்க சரின்னா எடுங்க.

நேரம் இருந்தா அங்கேயே நின்னுடாதீங்க, தா சின் ஆத்தை படகுல தாண்டினா எதிர்க்கரையில பான் லேம்னு இன்னொரு ஸ்டேஷன், அங்கிருந்து இன்னொரு துண்டு ரயில் உப்பளம் வழியா இன்னும் ஒரு மணி நேரம் போயி, மேல தக்கலை அக்காவுக்கு சொன்னேனே அதே மேக்லோங் மார்க்கெட்டுக்குள்ளயே கொண்டு விடும். மத்தவங்க வெளிய நின்னு போட்டோ எடுக்கிற ரயிலுக்குள்ள நீங்க உக்காந்திருப்பீங்க. இந்த ரெண்டாவது ரயில் ஒரு நாளைக்கு நாலு தடவை மாதிரிதான் ஓடும், ஒண்ணை விட்டா ரொம்ப நேரம் காத்திருக்கணும், அதனால காலையில சீக்கிரம் கிளம்புங்க, முதல் நாளே டைம் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. போக வர ரயிலுக்கும் படகுக்கும் சேத்து ஆகிற காசு ரொம்ப கம்மி.

எங்க அப்பச்சியோட அண்ணன் சின்ன வயசுல மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு போனவரு. ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் போட பிடிச்சிட்டுப் போனதா மட்டும் தகவல், அப்புறம் ஆளு இல்ல. நான் பாங்காக் போறேன். அந்த இடத்தை ஒரு நாள்ல போய் பாத்துட்டு வர முடியுமா?
*ஒரு வாசகர், குலசேகரம்*

முடியும், கட்டாயம் போங்க. காஞ்சனபுரிதான் அந்த ஊரு, பாங்காக்குக்கு மேற்க சுமார் 130 கிலோமீட்டர்.

முதல்ல நடந்ததை சொல்லிடறேன், ஏன்னா அங்க போனா பாதி கதைதான் கண்ணுல படும். சயாம்ல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942 கடைசியில ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சிட்டாங்க, காடு மலை பாறை எல்லாத்தையும் கையால வெட்டி. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, டச்சு, அமெரிக்க போர்க்கைதிங்க 60,000 பேருக்கு மேல, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆனா அவங்களை விட மூணு மடங்கு, ரெண்டு லட்சம் பேரு அளவுக்கு கூலி ஆளுங்க, பர்மாக்காரங்க, மலாய்க்காரங்க, ஜாவாக்காரங்க, அப்புறம் மலாயா தோட்டத்து தமிழங்க. அதுல செத்தவங்க 90,000 பேரு இருக்கும்னு ஒரு கணக்கு, சரியான கணக்கு யார்கிட்டயும் இல்ல. போர் வந்ததும் ரப்பர் வாங்க ஆள் இல்லாம தோட்டமெல்லாம் நின்னுபோச்சு, சோத்துக்கு வழி இல்ல, அந்த நேரத்துல நல்ல கூலி, கொஞ்ச மாச வேலைன்னு ஆசை காட்டி கூட்டிட்டுப் போனாங்க, போனவங்க திரும்பி வரலன்னதும் மத்தவங்க வர மாட்டேன்னாங்க, அப்புறம் பலவந்தமா லாரியில ஏத்தினாங்க. போர்க்கைதிங்க கூட அவங்க டாக்டருங்க இருந்தாங்க, தண்ணியை கொதிக்க வச்சுதான் குடிக்கணும்னு சொல்லிக்கொடுக்க அதிகாரிங்க இருந்தாங்க. நம்ம ஆளுங்களுக்கு அது ஒண்ணும் இல்ல. 1943 மழைக்காலத்துல காலரா வந்தப்ப கொட்டகை கொட்டகையா செத்தாங்க. கைதிங்க செத்தா கூட இருந்தவன் பேரு, இடம் எல்லாம் ரகசியமா எழுதி வச்சான், அதனாலதான் இன்னைக்கு அவனுக்கு கல்லறை இருக்கு. தோட்டத்துல இருந்து போனவருக்கு எழுதி வைக்க ஆள் இல்ல.

போற வழி: பாங்காக்ல சிரிராஜ் ஆஸ்பத்திரி பக்கம் தோன்புரி ஸ்டேஷன், அங்கிருந்து காலையில எட்டு மணிக்கு முன்னாடி ஒரு வண்டி, வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் 100 பாட், பத்தரை வாக்குல காஞ்சனபுரி. திரும்ப மத்தியானம் மூணு மணிக்கு கொஞ்சம் முன்னாடி வண்டி இருக்கும், டைம் ஸ்டேஷன்ல ஒரு தடவை கேட்டுக்கோங்க. அதை விட்டாலும் பயம் இல்ல, ஊருக்குள்ள பஸ் ஸ்டாண்டுல பாங்காக் வேன் கிடைக்கும்.

எல்லாரும் இறங்கினதும் நேரா, அந்த ரயில் பாதைக்காக ஆத்து மேல கட்டின பாலத்துக்கு ஓடுவாங்க. நீங்க முதல்ல ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு போங்க. கிட்டத்தட்ட 7,000 பேரு, வரிசை வரிசையா, ஒவ்வொரு கல்லுலயும் பேரு, வயசு, செத்த தேதி, புல்லு வெட்டி பூச்செடி வச்சு அவ்வளவு அழகா பாத்துக்கிறாங்க. நல்ல காரியம், அந்த பையன்களும் இருபது இருபத்தஞ்சு வயசுல வந்து செத்தவங்கதான். அதை ஒட்டியே ரயில்பாதை பத்தின மியூசியம் இருக்கு, தாய்லாந்து பர்மா ரயில்வே சென்டர், அதுக்கு ஒரு மணி நேரம் கண்டிப்பா கொடுங்க, கூலி ஆளுங்க கதையும் அங்க இருக்கு. அப்புறம் பக்கத்துலயே வாட் தாவோர்ன் வராராம்னு ஒரு புத்தர் கோயில், கல்லறைத் தோட்டத்துல இருந்து நடந்தே போலாம். ஆசிய கூலி ஆளுங்க எலும்பை சேத்து அடக்கம் பண்ணின நினைவிடம் அங்கதான் இருக்கு, தமிழ் ஆளுங்களுக்காக தாய்லாந்துல இருக்கிற தமிழங்க முயற்சியில ஒரு நடுகல்லும் அங்க வச்சிருக்காங்க. டூர் பஸ் எதுவும் இங்க நிக்காது. உங்க பெரியவருக்கு தனியா பேரு எழுதின இடம் எங்கயும் கிடைக்காது, அதனால ஒரு விளக்கோ ஒரு முழம் பூவோ வைக்கணும்னு நினைச்சா இங்க வைங்க. மாலை வழியிலேயே மார்க்கெட்ல கிடைக்கும், தாய்லாந்துல மல்லிகை மாலைக்கு பஞ்சமே இல்ல.

பாலம் கடைசியில போதும். நடந்தே மேல போலாம், வளைஞ்ச இரும்பு பாகம் பழசு, நடுவுல நேரா இருக்கிறது குண்டு விழுந்து உடைஞ்சதை போருக்கு அப்புறம் மாத்தினது. அங்க கடை, பாட்டு, செல்பின்னு ஒரே திருவிழாவா இருக்கும், எனக்கு அங்க நிக்க மனசு வர்றதில்ல. ஹெல்ஃபயர் பாஸ்னு பாறையை வெட்டின இடம் இன்னும் 80 கிலோமீட்டர் உள்ள, ஆஸ்திரேலியா அரசாங்கம் நடத்துற மியூசியம், ரொம்ப நல்லா இருக்கும், ஆனா காலையில ரயில்ல போயி அதையும் பாத்து அன்னைக்கே திரும்ப முடியாது. ஒண்ணு கார் எடுங்க, இல்ல காஞ்சனபுரியில ஒரு ராத்திரி தங்குங்க. உங்க காரியத்துக்கு தங்குறதுதான் சரின்னு எனக்கு படுது. வீட்டுல பழைய கடுதாசி, தோட்டத்து பேரு, கப்பல் ஏறின வருஷம் இப்படி ஏதாவது துண்டு தகவல் இருந்தா போட்டோ எடுத்து கையில வச்சுக்கோங்க, கல்லறைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிற ரயில்வே சென்டர் மியூசியத்துல விசாரிக்க உதவும். உங்க வீட்டுல பெரியவங்க யாராவது இன்னும் இருந்தா அவங்க சொல்றதை இப்பவே ரெக்கார்ட் பண்ணிடுங்க.

நாங்க சுத்த சைவம். சிட்டிக்குள்ள சமாளிச்சிடலாம், வெளியூர் ட்ரிப்ல சாப்பாட்டுக்கு என்ன செய்றது?
*ஒரு வாசகி, நாகர்கோவில்*

வெறும் காய்கறி மாதிரி தெரியும், ஆனா மீன் சாஸ் ஊத்தியிருப்பாங்க. பப்பாளிக்காய் சாலட்ல காஞ்ச இறால், குழம்புல இறால் விழுது. அதனால பார்த்து நம்பி வாங்காதீங்க. மஞ்சள் கொடியில சிவப்பா தாய் மொழி எழுத்துல ஜேன்னு போட்ட கடை எங்க பாத்தாலும் தைரியமா நுழையலாம், அதுல கறி மீன் முட்டை பால் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட கிடையாது. அந்த எழுத்தை போன்ல படமா வச்சுக்கோங்க, கடைக்காரர்கிட்ட காட்டினா போதும். கிளம்புற நாள் காலையில பாஹுரத் பக்கம் இந்தியக் கடையில சப்பாத்தி பொட்டலம் கட்டிக்கலாம், இல்லேன்னா சீலோம் மாரியம்மன் கோயில் சுத்துவட்டாரத்துல நம்ம சாப்பாடு கிடைக்கும், அந்தக் கோயிலே 1800-கள்ல அங்க போன தமிழங்க கட்டினதுதான். வழியில பசிச்சா வெட்டின பழம், இளநீர், தேங்காய்ப்பால் ஊத்தின மாம்பழ சோறு, இது மூணும் எந்த ஊர்லயும் உண்டு, தேங்காய் இல்லாம இருக்க முடியாத நமக்கு அந்த மாம்பழ சோறு நல்லாவே கொள்ளாம்.

காலேஜ் பசங்க ஆறு பேரு. பட்டயா ஒரு நாள் போதுமா?
*ஒரு வாசகர், மார்த்தாண்டம்*

போதும், ஆனா பட்டயா பீச்சுல உக்காராதீங்க. எக்கமாய் பஸ் ஸ்டாண்டுல காலையில முதல் பஸ்ஸை பிடிச்சு, ரெண்டரை மணி நேரத்துல பட்டயா, நேரா பாலி ஹாய் படகுத்துறை, அங்கிருந்து கோ லார்ன் தீவுக்கு 30 பாட் மாதிரி டிக்கெட்ல படகு. தண்ணி பச்சையா தெளிஞ்சு கிடக்கும். நம்ம முட்டத்துலயும் சொத்தவிளையிலயும் கடலைப் பாக்கத்தான் முடியும், இறங்கினா இழுத்துட்டுப் போயிடும், இங்க நின்னு குளிக்கலாம், ஆனா சிவப்புக் கொடி போட்டிருந்தா இங்கயும் இறங்கக்கூடாது. ஜெட் ஸ்கி வாடகைக்கு எடுக்கிறதா இருந்தா ஏறுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் வீடியோ எடுத்துடுங்க, பழைய கீறலை காட்டி காசு கேக்கிற ஆளுங்க இருக்காங்க, என் பேச்சை கேட்டா அதை எடுக்காமலே இருங்க. தீவுல இருந்து சாயங்காலம் கடைசிப் படகு எப்பன்னு போன உடனே கேட்டுக்கோங்க.

ஏப்ரல்ல விஷு லீவுக்கு டிக்கெட் சல்லிசா இருக்கு. போலாமா? காவோ யாய் காட்டையும் அதே பயணத்துல ஒரு நாள்ல பாத்துட்டு வரலாமா?
*ஒரு வாசகர், குழித்துறை*

நமக்கு விஷுவும் சித்திரை ஒண்ணும் வர்ற அதே நாள்லதான் அவங்களுக்கும் வருஷப்பிறப்பு, சோங்க்ரான், ஏப்ரல் 13, 14, 15. ஊரே தெருவுல தண்ணி ஊத்தி விளையாடும், அதைப் பாக்கத்தான் போறீங்கன்னா தாராளமா போங்க. ஆனா பாங்காக்ல இருக்கிற வெளியூர்க்காரங்க பூராவும் அந்த வாரம் ஊருக்கு கிளம்புவாங்க, ரயில் பஸ் எதுலயும் இடம் இருக்காது, வெயிலும் அப்பதான் உச்சம். சிட்டியை விட்டு வெளிய போற பிளான் வச்சிருக்கவங்களுக்கு நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ளதான் நல்லது.

காவோ யாய் ஒரு நாள்ல வேண்டாம். 1962-ல அறிவிச்ச தாய்லாந்தோட முதல் தேசியப் பூங்கா, யானை, கிப்பன் குரங்கு, இருவாச்சி எல்லாம் உண்டு, ஆனா போகவே மூணு மணி நேரம், உள்ள பஸ் கிடையாது, மிருகம் வெளிய வர்றது விடியக்காலையும் சாயங்காலமும்தான், நீங்க போய்ச்சேர்ற மத்தியான நேரத்துல மரமும் ரோடும்தான் இருக்கும். பாக் சோங்ல ஒரு ராத்திரி ரூம் போட்டு, விடியறதுக்கு முன்னாடி ஜீப்ல உள்ள போற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கோங்க.